வலதுபக்கப் பெட்டி

மே 6, செவ்வாய்

இன்று பிற்பகல் வாழவந்தி நாட்டு மாரியம்மன் திருவிழாவில் ஆத்தா சொன்ன வாக்கு ஒருவர் காதிலும் விழவில்லை. என் ஆர்கெஸ்ட்ராவின் கீபோர்டு சத்தம் அதை அமுக்கிவிட்டது.

எழுதிவிட்டேன். எழுதின பிறகும் நம்ப முடியவில்லை.

சாமியாடி சென்னம்மாளுக்கு அருள் வந்ததும் பாட்டை நிறுத்துவோம். ஆனால் இசை அடியோடு நிற்கக் கூடாது. நின்றால் ஆத்தா மலையேறிவிடுவாள். கீபோர்டு மட்டும் அடங்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு கையும் வாசிப்பில் இருப்பதால் சத்தத்தைக் காலால்தான் குறைக்க முடியும். பெடல் எதற்கு, அதற்குத்தான். கீபோர்டு வாசிக்கிற குழந்தைசாமியண்ணன் குதிகாலை அழுத்தினால் சத்தம் தேனீ முனகுகிற அளவுக்கு இறங்கிவிடும். பதினாறு வருஷத்தில் ஒரு தடவை தப்பியதில்லை.

இன்று குதிகால் இறங்கியது, நானே பார்த்தேன். சத்தம் இறங்கவில்லை.

வாக்கு வரும்போது யாரும் நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது. மிக்சர் பார்க்கும் சதீஷ்குமார்கூட செருப்பைக் கழற்றிவிட்டு, மிக்சரிலிருந்து இருபதடி தள்ளிக் கூட்டத்துக்குள் கும்பிட்டபடி நின்றான். சென்னம்மாளின் வாய் அசைகிறது. கீபோர்டு அலறுகிறது. மேடையில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, சிரித்த முகமாக வாசிக்கிறார். அந்தச் சிரிப்பு!

ரோட்டை அகலப்படுத்த ஆத்தாளின் பழைய கல்லை நகர்த்தலாமா கூடாதா - கேட்டது இதுதான். எங்கள் நாட்டின் ஆறு ஊரும் பதிலுக்குக் காத்திருந்தது. அருள் இறங்கியதும், "நா என்ன சொன்னேன் சாமி?" என்று சென்னம்மாளே எங்களைக் கேட்கிறாள்.

மேடையேறிக் கத்தினேன். "ஏண்ணா, குடிச்சுப்போட்டு வந்து உக்காந்தீங்களா?"

பக்கத்தில் மைக் ஆனில் இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. ஆத்தா பேச்சு கேட்கவில்லை, என் பேச்சு கேட்டது.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சத்தம் கொறைஞ்சுதான் இருந்துச்சு அம்மிணி," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்படி வாய்கூசாமல் பொய் சொல்வாரா மனுஷன்?

மே 7, புதன்

சோளக்காட்டுச் சந்தையில் என் மிளகுக்கடையைத் திறந்து அரை மணி நேரம் ஆகவில்லை, அன்னாசி விற்கிற கார்த்தி ஆரம்பித்தான். "ஏனுங்கக்கா, ஒங்க ஊட்டு ஆத்தா இனி மெட்டுலதான் பேசுவாளாட்ட?" பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மிளகைச் சலித்துக்கொண்டே இருந்தேன்.

பத்து மணிக்கு ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வர்ற செவ்வா மறுபடி கேக்கறோம். அன்னைக்கும் காதுல உழுகலீன்னா, நம்ம நாட்டுல ஒங்க மேடை இனி ஏறாது அம்மிணி."

தலைச்சுமையாக வாழைத்தார் விற்று ஆரம்பித்தவள் நான். மிளகு வியாபாரம் சோறு போட்டது, ஆர்கெஸ்ட்ராதான் பேர் வாங்கிக் கொடுத்தது. ஒரே மத்தியானத்தில் அது போகுமா? போகும் போலிருக்கிறது.

மே 8, வியாழன்

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதுதான், திட்டத்தான் போட்டேன்.

மே 9, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெடல் புதுசு. போன மாசம் பழையது உடைந்து, நான்தான் சேலத்தில் வாங்கினேன். பெடலில்தான் கோளாறு என்று காட்டிக் கடைக்காரனிடமே திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சதீஷ்குமாரைக் குடோனுக்குக் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை எப்படி மாட்டினானோ அப்படியே மாட்டச் சொன்னேன். இரண்டு கீபோர்டு, பக்கத்தில் சின்ன மிக்சர், அதிலிருந்து இடதுபக்க ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு ஒயர் லைன், வலதுபக்கப் பெட்டிக்கு ஒரு லைன்.

அவன் வாசித்தான். நான் இடதுபக்கப் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். குதிகாலை இறக்கினேன். பெட்டி அடங்கியது. நல்லாத்தானே இருக்கிறது?

இல்லை. குடோனின் அந்தக் கோடியில் வலதுபக்கப் பெட்டி அதே சத்தத்தில் அலறிக்கொண்டிருந்தது.

"டேய், அது ஏன்டா அடங்கல?"

"அந்த லைன் பெடலுக்குள்ள போகலீங்கக்கா. இது ஒத்த லைன் பெடலு, ஒண்ணுதான் சொருக முடியும். அதான் இன்னொண்ண நேரா பொட்டிக்குப் போட்டேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவரு டெஸ்ட் பண்ணப்ப எடதுபக்கப் பொட்டி மட்டுந்தானுங்க இருந்துச்சு. ஒத்தப் பொட்டின்னா இது போதும்னுட்டு சாப்புடப் போனாரு. அப்பறந்தான் நீங்க வந்து, கூட்டம் ஜாஸ்தி, அந்தப் பக்கமும் ஒரு பொட்டி போடுன்னீங்க."

நான்தான் சொன்னேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெடல் வாங்கப் போகும்போது ரெண்டு லைன் பெடலாகப் பார்த்து வாங்கச் சொன்னவரும் அவரேதான். "ஒரு காலுக்கு எதுக்குண்ணா ரெண்டு லைனு?" என்று கேட்டேன். பெரிய புத்திசாலி மாதிரி. பாதி விலையில் முடித்துவிட்டேன் என்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அவர் மேடையின் இடது ஓரத்தில், இடதுபக்கப் பெட்டிக்கு ஒட்டி உட்கார்ந்திருந்தார். வலதுபக்கப் பெட்டி மேடைக்கு முதுகைக் காட்டி, தூரத்தில் கூட்டத்தைப் பார்த்து இருந்தது. அவர் காதுக்குச் சத்தம் அடங்கித்தான் கேட்டிருக்கிறது. ஆத்தா பேசுகிறாள் என்று மனம் நிறைந்து சிரித்திருக்கிறார்.

நான் என்ன கேட்டேன்? குடிச்சீங்களா என்று கேட்டேன். மைக்கில்.

மே 10, சனி

ஆலத்தூர் நாட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் மரவள்ளிக்கிழங்கு நறுக்கிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவர் மனைவி அத்தாயிதான் பேசினாள்.

"பொழுதோட குடிக்கறவனக் கேக்கற கேள்விய, ஒரு சொட்டுத் தொடாத மனுசனக் கேட்டுப்போட்டீங்க. அந்தப் பேச்சு எம் மருமவன் ஊட்டுவரைக்கும் போயிருச்சு."

மழுப்பாமல் சொன்னேன். பெடல், பெட்டி, சாப்பிடப் போன நேரம், எல்லாம். கேட்டுக்கொண்டே நறுக்கினார். முடித்ததும் கத்தி நின்றது.

"அப்ப கூட்டத்துல நின்ன சனம் பூராவும் எதுவுமே கேக்கலியா?"

அவருக்கு அதுதான் அதிர்ச்சி. நான் திட்டினது இரண்டாவதுதான்.

"செவ்வாக்கெழம வாரேன் அம்மிணி. ஆத்தாளுக்காக. எனக்கு என்ன வேணுங்கறத வாசிச்சு முடிச்சப்பறம் சொல்றேன்."

எவ்வளவு கேட்பாரோ? இரண்டு மடங்கு கேட்டால்கூட வாயைத் திறக்கக் கூடாது.

மே 11, ஞாயிறு

சேலம் போய் ரெண்டு லைன் பெடல் வாங்கினேன். பேரம் பேசவில்லை. கடைக்காரன் என்னை உற்று உற்றுப் பார்த்தான்.

மே 13, செவ்வாய்

வாசிக்கும் முன் மைக்கைக் கையில் எடுத்தேன். "போன வாரம் தப்பு எம்மேல. அண்ணன் மேல ஒரு தூசி இல்ல," என்றேன். கார்த்திகூடச் சிரிக்கவில்லை.

அருள் வந்தது. அண்ணனின் குதிகால் இறங்கியது. இரண்டு பக்கமும் ஒன்றாக அடங்கின. எவ்வளவு அடங்கின என்றால், சென்னம்மாளின் வளையல் சத்தம் கேட்டது. பிறகு வாக்கு.

"ரோடு வரட்டும். எங் கல்ல மூணு முழம் தள்ளி வைங்க. நெலத்தப் பாத்திருக்கற எம் மொகம் மாறக் கூடாது."

ஆறு ஊருக்கும் கேட்டது. ஊர்க்கவுண்டர் தலையாட்டினார்.

சாமான் ஏற்றி முடிந்ததும் அண்ணன் முன்னால் போய் நின்றேன். ஒரு ரூபாய்கூட அதிகம் கேட்கவில்லை.

பேசி முடித்தது: கச்சேரிக்கு நாலாயிரம், பழைய சம்பளமேதான். பெட்டி பூராவும் மாட்டின பிறகு அரை மணி நேரம் டெஸ்ட். அந்த அரை மணி நேரமும் வலதுபக்கக் கோடியில், செருப்பில்லாமல், நான் நின்று கேட்டுச் சொல்ல வேண்டும்.