மகள் மேடையில் சொன்னது

சனிக்கிழமை இரவு, கோலசிலாங்கூர்

மாலாவை அரசியலுக்குத் தள்ளிவிட்டவள் நான் என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் வேலையை விட்ட பிறகுதான், தேர்தலில் நிற்கப்போவதை என் மகள் எனக்கே சொன்னாள்.

இன்று தோட்டத்து லெட்சுமி இறால் கொண்டுவந்தாள். தோட்டத் தொழிலாளர்களான அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை, அந்த லயத்தை, நிர்வாகம் இடிக்கப்போகிறது. பதிலுக்குத் தரும் அடுக்குமாடி வீடுகளுக்குத் திங்களுக்குள் சம்மதம் சொல்லாவிட்டால், அவை வேறு யாருக்காவது போய்விடும்.

“எங்களுக்கு அந்த வீடே வேணாம்னு சொல்லிட்டோம்மா. லயத்தை உடைக்க விடமாட்டேன்னு நம்ம மாலா பாப்பா மேடையிலயே சொல்லிருச்சே!”

“அது தேர்தல் பேச்சு, லெட்சுமி. போய்ச் சம்மதம் சொல்லிடுங்க.”

“பெத்த தாயே இப்படிப் பேசலாமா? தினம் செய்தி சொன்ன புள்ள, இல்லாததையா சொல்லும்?” என்று சிரித்தாள்.

அவள் போனதும் மாலாவை அழைத்தேன்.

“கூட்டம் அப்படிக் கை தட்டுச்சும்மா, வாயில வந்துருச்சு. ஜெயிச்சா பாத்துக்கலாம் லா.”

“தோத்துட்டா?”

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

லெட்சுமியின் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு இவர்கள் எங்கே போவார்கள்? மாலாவை மறுபடி அழைக்க மாட்டேன். செய்தி வாசித்த அந்தக் குரலில் அவள் சமாதானம் சொன்னால் நானும் நம்பிவிடுவேன். கைத்தொலைபேசியில் இதை மட்டும் அனுப்பியிருக்கிறேன்:

“மாலா, அந்த லயத்தைக் காப்பாற்ற உன்னால் முடியுமா, முடியாதா? முடியாதென்றால் நாளைக்கே வந்து அவர்களிடம் சொல். எனக்கு எழுத்தில் பதில் அனுப்பு.”