மூன்றாவது ஜெராக்ஸ்

14-3-2007, புதன்

என் பெயரில் வாங்கிய சிம்மிலிருந்து எவனோ ஒரு பெண்ணை ஒரு வாரமாக மிரட்டியிருக்கிறான். காலையில் செங்கல்பட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அந்த சிம்மை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு இருந்தது என் ரேஷன் கார்டு ஜெராக்ஸ். கீழே என் கையெழுத்து.

போன வருஷம் எனக்கு சிம் வாங்கும்போது செல்போன் கம்பெனியில் கொடுத்தது. மூன்று ஜெராக்ஸ் கொண்டுபோயிருந்தேன். ஒன்று போதும். "மூணுலயும் போட்டுக் குடு சார், இருக்கட்டும்" என்றான் கவுன்டர்காரன். போட்டேன். அங்கிருந்து இந்த மாதிரி ஜெராக்ஸ் கட்டுக்கட்டாக வெளியே போயிருக்கிறதாம்.

"கம்பெனி மேல கம்ப்ளைன்ட் எழுதிக் குடுத்து ரசீது வாங்கிக்கோ. இல்லாங்காட்டி நீதான் மாட்டிக்குவ" என்றார் ஸ்டேஷன் ரைட்டர். எழுதினேன். அந்தப் பெண்ணின் அப்பா எதிர் பெஞ்சிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் என் பெயர்தான்.

மனுவோடு வைக்க ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்டார் ரைட்டர். மூன்று கொண்டுபோயிருந்தேன். இரண்டில் கையெழுத்துப் போட்டேன். எதற்குக் கொடுக்கிறேன் என்று குறுக்கே எழுதட்டுமா என்றேன்.

"அதெல்லாம் வாணாம் சார். அந்த இன்னொண்ணுலயும் போடு, இருக்கட்டும்."

போட்டேன்.