விரலை மடக்கிக் காட்டினேன்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறாய்?

நான் நன்றாக இருக்கிறேன். ஒன்றை மட்டும் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும் இயந்திரத்தில் என் வலது கை மாட்டிக்கொண்டது. பயப்படாதே, எல்லா விரலும் இருக்கிறது. இரண்டு மாதமாக அரசாங்க உதவித்தொகையில் அறையிலேயே இருந்தேன். “சும்மா உக்காந்திருக்கக் காசு! குடுத்து வச்சவடி நீ” என்று கூட வேலை செய்பவள் கிண்டல் செய்தாள். எனக்கோ சுவரைப் பார்த்தே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

நேற்று டாக்டர் விரல்களை மடக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினேன்.

“வலிக்குதாம்மா?”

“இல்லைங்க” என்றேன்.

உதவித்தொகை அலுவலகத்தில் இருக்கும் அம்மாள், நான் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் கொடுத்த சான்றிதழைப் பார்த்துவிட்டு, “நல்லா யோசிச்சியா? ஒரு நாள் வேலைக்குப் போனாலும் இது நின்னுரும். முடியலன்னு திரும்பி வந்தா மொதல்லேருந்து மனு போடணும். இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போயேன்” என்றார். நல்லதற்குத்தான் சொன்னார். ஆனாலும் உதவித்தொகை போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். சலவைக்கூடத்தில் பேச நாலு பேர் இருக்கிறார்கள், அம்மா.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். ஈர விரிப்பு கனக்குமே என்றுதான் யோசனை. அன்று சாயங்காலம் போன் செய், எதையாவது பேசிக்கொண்டிரு. பெரிய பொத்தான் வைத்து இரண்டு சட்டை தைத்து அனுப்பு. சின்னப் பொத்தான் விரலுக்குப் பிடிபடவில்லை.

கை வலித்து நிறுத்துகிறேன் என்று நினைக்காதே. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன் மகள்