தோற்றதற்கு ஒரு காரணம்

6 செப்டம்பர் 1987, ஞாயிறு

மில்லுக்கு இன்று லீவு. அவர் விடிவதற்குள் எழுந்து கச்சிராயபாளையம் ரோட்டில் ஓடப் போய்விட்டார். வாரம் முழுக்க நெல் மூட்டை தூக்குகிற உடம்புக்கு ஒரு நாளாவது ஓய்வு வேண்டாமா? கேட்டால், "மூட்ட திருப்பி அடிக்காது மணி. பழகணும்னா ஓடித்தான் ஆவணும்" என்கிறார்.

வேப்பமரத்தில் அவர் குத்துவதற்காகத் தொங்கவிட்டிருக்கும் மணல் சாக்கு மறுபடி கிழிந்துவிட்டது. இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். ஊரில் எல்லாப் பெண்களும் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறார்கள். என் வீட்டுக்காரர் சாக்கு கொடுக்கிறார்.

சிறுவயதில் மெட்ராஸில் தன் மாமா வீட்டில் இருந்தபோது அவர் கற்றுக்கொண்ட குத்துச்சண்டை. கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. இந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல் மெட்ராஸில் மாநிலப் போட்டி. தங்க மெடல் வாங்கினால் ரயில்வேயில் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று ராசு சார் சொல்லியிருக்கிறார். ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர் அவர். போட்டிக்கு இவர் பெயரைக் கொடுத்ததே அவர்தான்.

ஓடிவிட்டு வந்து வியர்வையோடு என் வயிற்றில் காதை வைத்தார். "இன்னா, உள்ள பிராக்டீஸ் நடக்குதா?" அத்தை சிரித்துவிட்டார். "நாலு மாசந்தான்டா ஆவுது கொளஞ்சி. அதுக்குள்ள ஒதைக்குமா?"

10 செப்டம்பர், வியாழன்

ஆஸ்பத்திரி. எழுத முடியவில்லை.

13 செப்டம்பர், ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. குழந்தை தங்கவில்லை.

மூன்று நாளும் அவர் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே இருந்தார். டாக்டரம்மா, "சில சமயம் இப்படி ஆகிடும்மா, காரணம் சொல்ல முடியாது" என்றார். காரணம் இல்லாமல் எப்படிப் போகும்? புதன்கிழமை குழாயடியிலிருந்து இரண்டு குடம் தூக்கி வந்தேன். அதற்கு முந்தின நாள் பொழுது சாயும்வரை மெஷினை மிதித்தேன். யார் வந்து கேட்டாலும் நானே சொல்லிவிடுகிறேன் — குடம் தூக்கினேன், அதான். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது இல்லையா?

அத்தைக்கும் அந்த எண்ணம்தான். "குடத்த இடுப்புல வெச்சிக்கினு வந்தா எங்க தங்கும்" என்று வாசலில் யாரிடமோ சொன்னது கேட்டது. திட்டவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னார்.

17 செப்டம்பர், வியாழன்

இட ஒதுக்கீடு கேட்டு ரோடு மறியல். ஒரு வாரம் நடக்குமாம். ரோட்டுப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். பஸ் ஒன்றுகூட இல்லை. ஊரே சத்தமில்லாமல் கிடக்கிறது.

"நான் போவல. உன்ன வுட்டுட்டு எப்பிடி?" என்றார். பஸ் இல்லாதது அவருக்குச் சௌகரியமாகப் போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. நான்தான் விடவில்லை. "போங்க. ஒண்ணாவது நடக்கட்டும் நம்ம வூட்ல" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். முகம் எப்படியோ ஆகிவிட்டது.

18 செப்டம்பர், வெள்ளி

நடந்தே புறப்பட்டுவிட்டார். உளுந்தூர்பேட்டை வரை போனால் ரயில் ஏதாவது கிடைக்கும் என்று நம்பிக்கை. ஒரு பை, அதில் கிளவுஸ், ஒரு வேட்டி, அத்தை கட்டிக் கொடுத்த புளிசோறு.

21 செப்டம்பர், திங்கள்

போய்ச் சேர்ந்தாரா, தெரியவில்லை. தியாகதுருகம் பக்கம் குடிசைகள் எரிந்ததாக ஒருவர் சொல்கிறார், இல்லை, அது வேறு ஊர் என்கிறார் இன்னொருவர். வழியில் யாராவது நிறுத்தி 'நீ யாரு, எந்த சாதி ஆளு' என்று கேட்டால் என்ன சொல்வார்? பொய் சொல்லத் தெரியாதே அந்த மனுஷனுக்கு.

25 செப்டம்பர், வெள்ளி

வந்துவிட்டார். வலது புருவத்தில் தையல். வெள்ளி மெடல்.

வாசலில் நின்றபடியே, "தோத்துட்டேன் மணி" என்றார். உள்ளே இழுத்து உட்கார வைத்துச் சுடுதண்ணீர் போட்டேன். காலைத் தண்ணீரில் வைக்கும்போதுதான் பாதத்தைப் பார்த்தேன். கொப்புளம் உடைந்து, செருப்பு வார் பட்ட இடமெல்லாம் புண். உளுந்தூர்பேட்டை வரை நடந்து, ரயிலுக்குக் காத்துக் கிடந்து, மூன்றாம் நாள்தான் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தாராம். போட்டியில் முதல் நாள் இரண்டு சண்டை ஜெயித்தாராம். பைனலில் மெட்ராஸ்காரர் கண்ணாயிரம் என்பவரிடம் தோற்றிருக்கிறார்.

"இந்தக் காலோட எப்பிடிங்க ஜெயிக்க முடியும்?"

"இதே காலோடத்தான ரெண்டு பேர ஜெயிச்சேன்? அப்போ யாரும் ரோட்டப் பத்திக் கேக்கலியே. கண்ணாயிரம் நல்லா ஆடினான். அவ்ளோதான்."

28 செப்டம்பர், திங்கள்

டீக்கடை மாயவன் அண்ணன், தெருவில் போகும் என் காதில் விழும்படி: "நம்ம கொளஞ்சி இத்தினி நாளு சாக்கு குத்திக்கினு இருந்தான். இனிமே சாக்கு சொல்லிக்கினு இருப்பான்."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஒரு சாக்கும் சொல்லவில்லையே. சொன்னாலாவது தேவலை.

4 அக்டோபர், ஞாயிறு

ராசு சார் வீட்டுக்கு வந்தார். மறியலால் நம் மாவட்டத்துப் பையன்கள் பலர் போட்டிக்கே வர முடியவில்லையாம். அவர்களுக்காக மறுபடி ஒரு போட்டி வைத்து, ரயில்வேக்கு யாரை அனுப்புவது என்று அதில் முடிவு செய்யப்போகிறார்கள். இவர் பேரையும் சேர்த்துக்கொள்ளத் தயாராம். "ஆனா நீ நேர்ல வந்து கமிட்டி முன்னாடி சொல்லணும்பா. மூணு நாள் வழியில கஷ்டப்பட்டேன், சரியா ஆட முடியலன்னு. ஒரு வார்த்தை. பொய் இல்லையே அது?"

"பொய் இல்ல சார். ஆனா அப்பிடி சொன்னா, கண்ணாயிரம் ஜெயிச்சது ஜெயிப்பு இல்லன்னு ஆயிடும். எழும்பூர் ஸ்டேஷன் வரைக்கும் என் பைய அவன்தான் தூக்கிக்கினு வந்தான் சார். கால் வலியோட நடக்கறேன்னு."

ராசு சார் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. கத்திவிட்டேன். "உங்களுக்கு நல்ல பேரு வேணும். எனக்குச் சோறு வேணும். முதுகு ஒடஞ்சாலும் மூட்டதான் தூக்குவீங்களா? நெஜத்தச் சொல்றதுக்குக் கூடவா வெக்கம்?" அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

யோசித்துப் பார்க்கிறேன். யார்தான் காரணம் இல்லாமல் தோற்கிறார்கள்? காய்ச்சல், பசி, தூக்கமின்மை, நடுவர் — ஏதோ ஒன்று இருக்கும். எல்லாக் காரணத்தையும் ஏற்றுக்கொண்டால் ஜெயித்தவன் என்று ஒருவனும் மிஞ்ச மாட்டான், சரி. அதற்காக ஒரு காரணமும் செல்லாது என்று சொல்லிவிட முடியுமா? முப்பத்தைந்து கிலோமீட்டர் நடந்த கால் செல்லாதா?

11 அக்டோபர், ஞாயிறு

அந்தப் போட்டி இன்று நடந்திருக்கும். அவர் சாக்கைக் குத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. பகலெல்லாம் படுத்திருந்தார்.

2 நவம்பர், திங்கள்

ஒரு மாதமாகக் கிளவுஸைத் தொடவில்லை. என்னோடு பேசுகிறார். ஆனால் எதுவும் பேசுவதில்லை. என் அக்கா ஜெயம்மாள் கரியாலூருக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பியிருக்கிறாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் அங்கே மலை மேலே டீக்கடை வைத்திருக்கிறார்கள். "நாலு நாள் போய்ட்டு வாங்க, ரெண்டு பேரும்" என்று அத்தையே பையை எடுத்து வைத்தார்.

8 நவம்பர், ஞாயிறு — கரியாலூர்

இதை முழுவதும் எழுதிவிட வேண்டும்.

காலையில் நீர்வீழ்ச்சி பக்கம் நடந்தோம். பனி இறங்கி எதிரில் வருகிற மாடுகூடத் தெரியவில்லை. கடுக்காய் மரத்தடியில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். சண்டை போட்டதற்கு மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "நீங்க தோத்ததுக்கு நாந்தான் காரணம். மூணு நாள் ஆஸ்பத்திரில தூங்காம கெடந்தீங்க. அதுக்கப்புறம் நான்தான் வெரட்டி அனுப்புனேன். நான் அந்தக் குடத்தத் தூக்காம இருந்திருந்தா—"

"நிறுத்து."

அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை. பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"ரெண்டாவது ரவுண்டு. பெல் அடிச்சாங்க. எழுந்து போறேன். அவன் கிட்ட வரான், நல்லா தெரியுது. திடீர்னு அவன் மொகம் இல்ல. ஆஸ்பத்திரில நர்சம்மா கதவத் தொறந்துக்கினு வெளிய வந்து என்னப் பாத்துத் தலைய ஆட்டுனாங்கல்ல… அதான் தெரியுது. கைய எறக்கிட்டேன் மணி. நின்னுக்கினே இருந்தேன். அவன் அடிச்சான். அவன் இன்னா பண்ணுவான்?"

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொன்னா உன்னால தோத்தேன்னு ஆயிடும். ஏற்கெனவே நீ குடம், மெஷினுன்னு உன்னப் போட்டு அடிச்சிக்கினு இருக்க. இது ஒண்ணு ஜாஸ்தியா வேணுமா?"

இத்தனை நாளாக என்னை வந்து பார்த்தவர்கள் எத்தனை பேர். என் கையைப் பிடித்து அழுதவர்கள் எத்தனை பேர். அவரிடம் வந்து ஒரு ஆள் கேட்டதுண்டா? எல்லாரும் சண்டையைப் பற்றித்தான் கேட்டார்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

"என்னாலன்னு எப்பிடி ஆவும்? உங்களுக்கும் புள்ளதானே போச்சு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. ஆஸ்பத்திரியில்கூட அழாத மனுஷன். பனியில் யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் பரவாயில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டேன். புருவத் தழும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நீயும் குடம் தூக்குனதாலன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

"அப்போ எதனாலங்க?"

"டாக்டரம்மா தெரியாதுன்னாங்க. தெரியாதுன்னா தெரியாது. வுடு."

அக்கா கடைக்குத் திரும்பியபோது வெயில் வந்துவிட்டது. இரண்டு டம்ளர் டீயும் சூடான தினைப் பணியாரமும் கொடுத்தாள். எங்கள் இரண்டு பேர் கண்ணையும் பார்த்துவிட்டுத் தட்டில் இன்னும் நாலு வைத்தாள். அவர் பணியாரம் ஏழு தின்றார்.

15 நவம்பர், ஞாயிறு

விடிவதற்குள் ஓடப் போய்விட்டார்.

17 ஏப்ரல் 1988, ஞாயிறு

கடலூரில் போட்டி. இந்த முறை நானும் போனேன். முதல் தடவையாக நேரில் பார்க்கிறேன். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். இவர் ஜெயித்தார். வேலை ஒன்றும் இல்லை, ஒரு கப்பும் கைதட்டலும்தான்.

தோற்றவர் சிதம்பரம் பக்கத்து ஆள். வெளியே குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் தானாகவே சொன்னார்: "காலைல இருந்து வயித்து வலிங்க. இல்லன்னா இன்னிக்கி வேற மாதிரி ஆடியிருப்பேன்." பின்னால் நின்ற இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இவர் சிரிக்கவில்லை. "ஆமாங்க, மொகமே வாடித்தான் இருந்துச்சு. அதோட வந்து மூணு ரவுண்டு நின்னீங்களே" என்று அவர் தோளைத் தட்டினார். அந்த மனுஷர் நிமிர்ந்துவிட்டார்.

பஸ்ஸில் கேட்டேன். "நெஜமாவே வயித்து வலியா இருக்குமா?"

"தெரியல. இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்." ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

உளுந்தூர்பேட்டையில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், நெல்லிக்குப்பம் வெல்லம் ஒரு துண்டு கொடுத்துவிட்டு, எல்லாரும் கேட்பதைக் கேட்டார். "கொழந்தைங்க எத்தினி?"

"ஒண்ணு வயித்துல இருந்துச்சுங்க. நாலு மாசத்துல போயிடுச்சு."

"அடடா. எதனாலம்மா?"

"தெரியலங்க" என்றேன்.

தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த இவர், கண்ணைத் திறக்காமலே என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தியாகதுருகம் தாண்டியும் விடவில்லை.