மூப்பரின் மூன்றாவது நற்குணம்

ஆகஸ்ட் 9, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வேட்டியில் முழங்கால் வரை சேறு.

பூசை முடிந்து சபைக் கூட்டம். மாதா திருநாளுக்கு யார் சப்பரம் தூக்குவது? சுவாமியார் சொல்லிவிட்டார்: காப்பார் ஊர் ரப்பர்த் தோட்டத்திலிருந்து வரும் நம் ஆட்களில் நான்கு பேர் இந்த வருடம் தோள் கொடுப்பார்கள். உடனே எழுந்தார் கோயில் மூப்பர் மரியநாதன். (இனி மூ. முழுப் பெயருக்கு மை வீண்.)

"சாமி, வழக்கம்னு ஒண்ணு இருக்கு. தோட்டத்து சனங்க பின்னால செபமாலை சொல்லிட்டு வரட்டும். யாரு வேணாம்னா?"

சாதி என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. எடுக்காமலே எல்லோருக்கும் புரிந்தது. போன வருடம் என் மச்சான் சவரிமுத்து காப்பாரிலிருந்து வந்து, ஆசையாகச் சப்பரத் தண்டில் தோள் வைத்தார். இந்த மூ. அத்தனை பேர் முன்னால் அவர் கையைப் பிடித்து விலக்கிவிட்டார். அண்ணனுக்கு நேர்ந்ததை நினைத்து என் மனைவி ரோசம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததை இன்று கொட்டிவிட்டேன். "வெளிவேஷக்காரப் பரிசேயன்" என்றேன்.

சுவாமியார் பிரெஞ்சுக்காரர். தமிழ் முழுக்கப் புத்தகத் தமிழ். தனியே கூப்பிட்டார். "உமது கருத்து சரியே. உமது நாக்கு சரியில்லை. மறுத்துப் பேசும், பகைக்க வேண்டாம்." எனக்குத் தண்டனை: மூ.விடம் உள்ள மூன்று நற்குணங்களைக் காகிதத்தில் எழுதித் திருநாள் முடிந்ததும் கொடுக்க வேண்டும்.

அவருக்குத் தண்டனை இல்லை. கை பிடித்து விலக்கினால் பாவமில்லை போலும்.

சப்பரத்துக்கு ஆள் நிறுத்தும் பட்டியல் இந்த வருடமும் என் கையில்தான். சபைச் செயலாளர் ஆயிற்றே.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

வெயில். நான் கிராணி வேலை பார்க்கும் ரயில்வே ஸ்டோரில் மண்ணெண்ணெய் டின்கள் வந்து இறங்கின. சோப்புப் போட்டும் கையில் நாற்றம் போகவில்லை.

வாங்க: மெழுகுவர்த்தி, சப்பரத்துக்கு வெள்ளைத் துணி, ரோ.வுக்கு இருமல் மருந்து.

மூ.வின் நற்குணங்கள்:

1. நேரம் தவறமாட்டார். (ரயில்வேயில் தலைமைக் கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலாள். தவறினால் வேலை போய்விடும்.)

2. நல்ல குரல். (அதைக் கேட்பதில் அவருக்குத்தான் அதிக இன்பம்.)

3.

வரவில்லை. படுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

புழுக்கம். பட்டியல் முடிந்தது.

தூக்குகிறவர்களைத் தோளோடு தோள் ஒட்டி நிற்கவைத்து, உயரம் பார்த்துத்தான் ஆள் பிரிப்போம். குட்டை ஆட்களோடு ஒரு நெட்டை ஆளைச் சேர்த்தால் பாரம் முழுதும் அவன் ஒருவன் தோளில்தான். மற்றவர்கள் சும்மா கூடவே நடப்பார்கள்.

மூ. ஆறடி. மச்சான் அவருடைய காது உயரம்தான். வலது தண்டின் முன்பக்கத்துக்கு இரண்டு பேர் எழுதினேன்: முன்னால் மூ., அவருக்குப் பின்னால் மச்சான்.

தோட்டத்து ஆளோடு ஒரே தண்டு. அதற்கு மேல் அந்த மூலையின் மொத்தப் பாரமும். நடக்கட்டும். ஒரு வருடக் கடுப்பு எனக்கு, ஒரு மாலை வலி அவருக்கு.

ரோ.விடம் சொல்லவில்லை. இன்று நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டு தடவை ரசம்.

ஆகஸ்ட் 15, சனி. மாதா திருநாள்

மழை இல்லை. காப்பார் ஆட்கள் காலை ரயிலில் வந்தார்கள். நம் வீட்டில் பதினொரு பேருக்குச் சாப்பாடு. ரோ. முகத்தில் சிரிப்பு.

மாலை ஐந்துக்குச் சப்பரம் எடுத்தோம். பட்டியலைப் பார்த்து மூ.வின் முகம் சுருங்கியது. பக்கத்தில் சுவாமியார் நின்றதால் பேசவில்லை. தூக்கியதும் பார்த்தேன். தண்டு அவர் தோளில் அழுந்தி இறங்கியது. மச்சான் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்.

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸைச் சுற்றி வருவதற்குள் மூன்று இடத்தில்தான் சப்பரத்தை இறக்கலாம். நடுவில் இறக்கச் சொல்வது மானக்கேடு. அவர் வாயால் அதைக் கேட்கத்தான் கூடவே நடந்தேன். சட்டை நனைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கால் தள்ளாடியது. வாய் திறக்கவில்லை.

இரண்டாவது இடத்தில் இறக்கியபோது மூ.வின் சட்டைத் தோளில் ரத்தம். மச்சான் அதைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து நாலாக மடித்து மூ. தோளில் வைத்தார். யார் வீட்டு வாசலிலோ ஒரு கோணிச் சாக்கு கேட்டு வாங்கி மடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இப்ப தண்டு எனக்கும் எட்டும். நான் புடிச்சிக்கிறேன், நீங்க பயப்படாம நடங்க."

மூ. அந்தத் துண்டைத் தட்டிவிடவில்லை.

கோயிலில் இறக்கிய பிறகு மச்சான் என்னிடம் வந்தார். "யாரு மாப்ளே இப்படி ஆள் நிறுத்துனது? அந்த மனுசன் தோளு பிஞ்சி போச்சி. ஒயரம் பாக்கலையா?"

"பாக்கல மச்சான்."

மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நின்று பொய் சொன்னேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

தூறல். காப்பார் ஆட்கள் கிளம்பினார்கள். பாத்திரமெல்லாம் கழுவி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

நாலு மணிக்கு வாசலில் மூ. இந்த வீட்டுப் படியை அவர் மிதித்ததே இல்லை. கையில் மச்சானின் துண்டு. துவைத்து இஸ்திரி போட்டிருந்தது.

"உங்க அண்ணன்கிட்ட குடுத்துடும்மா" என்று ரோ.விடம் நீட்டினார். அவள் காப்பி கொண்டுவந்தாள். குடிக்கமாட்டார் என்று நினைத்தேன். நின்றபடியே குடித்தார்.

"கிராணி, அடுத்த வருசமும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன். என் மனசு மாறல."

"நானும் விடப்போறதில்ல."

"விட வேணாம். கூட்டத்துல பேசிக்கலாம்." தம்ளரை இடது கையால் வைத்தார். வலது கை மேலே வரவில்லை. ரோ. தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை காத்திருந்தார். "இருவது வருசமா தூக்குறேன். எடுத்த ஒடனே தெரிஞ்சிபோச்சி, இது தெரியாம நிறுத்துனது இல்லன்னு. தோளு ஏன் பிஞ்சிச்சின்னு சாமி ரெண்டு தரம் கேட்டாரு. நான் சொல்லல."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

"என்னங்க சொல்லிட்டுப் போறாரு?" உள்ளேயிருந்து ரோ.

"ஒண்ணுமில்ல."

நாளை சுவாமியார் காகிதம் கேட்பார். மூன்றாவது குணம் கிடைத்துவிட்டது. அதை எழுதினால் நான் செய்ததையும் சேர்த்து எழுதவேண்டும். பாவி மனிதர், என்னைக் காட்டிக்கொடுத்துத் தொலைத்திருக்கலாம்.