தனியாக வைத்த டம்ளர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று பொய் எழுத மனம் வரவில்லை, ஆனால் நாம் பயந்த மாதிரியும் இல்லை. இத்தனை மாதம் டி.பி. மாத்திரை தின்றும் அப்பாவுக்கு இருமல் அடங்காமல், பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது நெஞ்சு நடுவில் நெறி கட்டியிருந்தது என்றேனே, அதில் ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். வெளியிலிருந்து குத்த முடியாதாம், பக்கத்திலேயே இதயமும் பெரிய ரத்தக்குழாய்களும். அதனால் அரை மயக்கம் கொடுத்து, தொண்டையை மரத்துப்போக வைத்து, வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை விட்டார்கள். அதன் நுனியிலேயே ஸ்கேன் இருக்கிறது, திரையில் நெறியைப் பார்த்துக்கொண்டே உள்ளிருந்து குத்துகிறார்கள். எடுத்தது போதாமல் திரும்பத் திரும்பக் குத்தினார்களாம். மயக்கம் தெளிந்ததும் அப்பா, இத்தனை வருஷம் நான் கல்லைக் குடைஞ்சேன், இப்ப என்னைக் குடையிறாங்க என்றார், நர்ஸம்மா சிரித்துவிட்டாள்.

முடிவு வந்தது. புற்றுநோயும் இல்லை, டி.பி.யும் இல்லை. நெறி முழுக்கக் கல் தூசி. கல் பட்டறை முதலாளி வைத்த டாக்டர் இருமுகிறவனுக்கெல்லாம் ஒரே மாத்திரையை எழுதினாரே, ஒருத்தனையாவது சோதித்தாரா? டி.பி. என்றால் பழி கிருமி மேல், தூசி என்றால் முதலாளி மேல். அப்பாவோடு கல் அறுத்த சோடாபுட்டி அண்ணன் அந்த மாத்திரையைத் தின்றுகொண்டேதான் செத்தார், ஒட்டிக்கொள்ளும் என்று சாவுக்குக்கூட நாங்கள் எட்டி நின்றோம்.

அந்த டாக்டரைச் சொல்லி என்ன, நான் மட்டும் என்ன செய்தேன்? அப்பா டம்ளரைத் தனியாக வைத்தேன், கட்டிலை நடையில் போட்டேன். பச்சைப்பிள்ளையோடு இங்கே வராதே என்று உன்னைத் தடுத்தேன். அப்பாவும் உன்னிடம் போனில், அம்மா சொல்றது சரிதான், கொழந்தைக்கு ஆகாது என்றார். வீடியோவில் பாப்பா சிரித்தால்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போனைத் தள்ளிப் பிடிப்பார். போன்லயா ஒட்டிக்கும் என்று கேலி வேறு செய்தேன். பாப்பாவுக்குப் பல்லே முளைத்துவிட்டது, தாத்தா மடி தெரியாது.

ஒட்டுகிற நோய் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்ன அன்று என் டம்ளரிலேயே டீ கொடுத்தேன். வாங்கித் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, பழகிடுச்சு, விடு என்றார். உள்ளே போன தூசி திரும்பி வராதாம், நுரையீரல் இனி தேறாதாம். அதனால் லீவுக்காகக் காத்திருக்காதே. பாப்பாவுக்குப் போட வேண்டிய தடுப்பூசியைப் போட்டுவிட்டுச் சீக்கிரம் வா. வந்ததும் நேரே அவர் மடியில் உட்கார வை. துண்டைத் தேடுவார், பின்னால் நகர்வார். நீ விடாதே.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

உன்னை வரவிடாமல் செய்த,
அம்மா