ஐந்து நாள் அசையாத புள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே கோலியர்ஸ் வுட் வீட்டில் நானும் அம்மாவும் சுகம். நீங்கள் சுகம் என்பதை நான் தொல்லை கொடுத்துத் தேட அனுப்பிய விமானி சொல்லித்தான் அறிந்தோம். தூர இருக்கும் பிள்ளைக்குத் தகப்பன் புத்தி எழுதுவதுதான் வழக்கம், ஆனால் அறுபத்தெட்டு வயதில் கனடாவின் வடக்கு நுனியில் ஆளில்லாத ஆற்றில் வள்ளம் வலிக்கப் போனது நான் இல்லையே. போதாக்குறைக்குக் கரடிக் காட்டுக்குள் நெத்தலிக் கருவாடு வேறு. கூட வந்த செபஸ்தியாம்பிள்ளை அங்கிளாவது தடுத்திருக்கலாம், அவர்தான் பொரித்தாராம்.

நான் தந்த கருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும், பற்றறி இருபது நாள் தாங்கும், மாற்றுப் பற்றறியும் பையில் இருக்கிறது என்று மூன்று தரம் சொன்னேன். நீங்களோ வீட்டில் படுக்கமுதல் ரவுட்டரை அணைக்கிற அதே கையால் அதையும் அணைத்துவிட்டு, விமானி கேட்டதற்கு “சும்மா ஏன் ஓடவேணும்” என்றீர்களாம். அணைத்த இடம் எது தெரியுமா? வரைபடத்தில் பாறைகளுக்கிடையே ஆறு பாய்ந்து விழுகிற இடம். உங்கள் புள்ளி ஐந்து நாள் அங்கேயே நின்றது. “கொஞ்சம் ஆடுறமாதிரி இல்லையோ தம்பி, வடிவாப் பார்” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. ஆடுகிறது என்று பொய் சொன்னேன். பூசைக்கு உங்கள் பெயர் கொடுக்கப் போனபோது, சுகத்துக்கா, செத்தவர்களுக்கான ஆன்ம இளைப்பாற்றிக்கா என்று ஃபாதர் கேட்டாராம். அம்மா பெயரைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டா.

இதை அச்சடித்துத் தருகிற அதே விமானி, உங்களுக்குக் கொண்டுவரும் அரிசியை இறக்கிவிட்டு ஒரு மணித்தியாலம் மிதவை விமானத்தோடு ஏரியில் நிற்பார். ஏறி வாருங்கள் என்றுதான் எழுதத் தொடங்கினேன். “ஆசைப்பட்டுப் போன மனுசன், முழுக்கப் பாத்திட்டு வரட்டும்” என்று அம்மா மறித்துவிட்டா. ஆகவே கருவியின் சுவிட்சை விமானிக்கு முன்னாலேயே போடுங்கள். பச்சை வெளிச்சம் வராவிட்டால் இரண்டு பேரையும் கருவாட்டோடு ஏற்றிவரச் சொல்லியிருக்கிறேன்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும், அவவுக்கு வேறு வேலைகளும் இருக்கு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி நகரும்வரை அம்மா சாப்பிடமாட்டா. நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

இப்படிக்கு,
இப்போதைக்கு உங்கள் பொறுப்பாளர்,
மகன் ஜெஸ்ரின்